ஒருபாலினத் திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்றுக்கொண்டதா?

"திருத்தந்தை பிரான்சிஸ் ஒருபாலினத் திருமணத்துக்கு ஒப்புதல் தந்துவிட்டார், இனி கோவிலிலேயே நடத்தலாம்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. இது தவறு.

வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023 டிசம்பர் 18 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போதைய திருத்தந்தை பிரான்சிஸ் அதற்கு ஒப்புதல் அளித்ததும் உண்மைதான். ஆனால் அது அனுமதித்தது ஆசியை மட்டுமே. ஒருபாலின இணையர் கேட்டுவந்தால் அருள்பணியாளர் அவர்களுக்காகச் செபித்து ஆசி வழங்கலாம். அதற்கெனச் சடங்குமுறை எதுவும் கிடையாது. பதிவுத் திருமணத்தையொட்டித் தரக்கூடாது. திருமண உடைகூடக் கூடாது. அப்படியும் குழப்பம் தீராமல், 2024 ஜனவரி 4 அன்று அதே துறை இன்னொரு விளக்கம் தந்தது: இந்த ஆசி 10, 15 நொடிகளில் முடிந்துவிடுமாம். இதையா திருமணம் என்கிறார்கள்? திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்று அந்த அறிக்கையே மறுபடியும் சொல்கிறது.

அப்புறம், "ஒருபாலீர்ப்பு இருந்தாலே பாவம்" என்று எதிர்ப்பக்கம் பரப்புவதும் சரியல்ல. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி ஏட்டின் 2357 முதல் 2359 வரையுள்ள பத்திகளைப் படித்தாலே போதும். ஒருபாலுறவுச் செயல்களை அது ஏற்பதில்லை, ஈர்ப்பையும் ஒழுங்கு மாறியது என்றே சொல்கிறது. ஆனால் அந்த ஈர்ப்பைப் பாவம் என்று சொல்லவில்லை. ஒருபாலீர்ப்பு உள்ளவர்களைக் கற்புநெறிக்கு அழைக்கும் அதே ஏடுதான், மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாகப் பாகுபடுத்தக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது. பகிர்பவர்கள் வசதியாக விட்டுவிடும் வரி இது.