என் 11,000 ரேண்டைக் கொடுங்கள், அங்கிள்

வீட்டைக் காலி செய்து எட்டு மாதம் ஆகிறது. கோர்ட்டு உத்தரவு கைக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. வீட்டு டெபாசிட்டில் இன்னும் ஒரு சென்ட் வரவில்லை. நேற்று ராத்திரி போன் செய்தால் வீட்டுக்கார அங்கிள் சொல்கிறார், நம்ம ஆளு நம்ம ஆளு மேலேயே கேஸ் போடலாமா என்று. மற்றதெல்லாம் இங்கிலீஷ். அந்த "நம்ம ஆளு" மட்டும் தமிழ். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில்தான் மூன்று வருஷம் குடியிருந்தோம். மாசம் 5,500 ரேண்ட் வாடகை. இரண்டு மாச வாடகை டெபாசிட், அதாவது நம்ம ஊரில் அட்வான்ஸ் என்கிறோமே, அது. ஒரு மாசம்கூட வாடகை தள்ளிப்போனதில்லை. அவருடைய அம்மாவை நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால் எங்களுக்கென்று ஒரு வாளி தனியாக எடுத்து வைப்பார். அப்படி இருந்த வீடு.

காலி செய்கிற வாரம் இரண்டு தடவை வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "அங்கிள், வந்து வீட்டைச் சேர்ந்து பார்த்துவிடலாமா?" இரண்டு தடவையும் நீல டிக் விழுந்தது. கடைசியில் வந்த பதில், "சாவியை ஆயாகிட்ட கொடுத்துடுங்க". கொடுத்தோம். வீட்டைத் துடைத்து, ஜன்னல் கண்ணாடியைக்கூடப் பேப்பர் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கொடுத்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு மெசேஜ் வருகிறது. பெயிண்ட் 6,500. சாமி மாடத்துப் புகைக்கறை 1,800. கதவுப் பூட்டு 1,500. அடுப்பு சுத்தம் செய்ய 1,200. கூட்டிப் பாருங்கள், சரியாக 11,000. ஒரு ரேண்ட் கூட இல்லை, ஒரு ரேண்ட் குறைவும் இல்லை. முதலில் தொகையை எழுதிக்கொண்டு அப்புறம் சேதத்தைத் தேடியிருக்கிறார். ரசீது கேட்டேன். "கைவேலைக்கு ஏதும்மா ரசீது?" என்றார்.

அந்தப் புகைக்கறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாமி மாடத்துக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில், இடது பக்கம் கொஞ்சம் வால் இழுத்த மாதிரி ஒரு கறுப்பு. நாங்கள் குடிவந்த அன்றைக்கே அது அங்கே இருந்தது. சாமான் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், தேதியோடு. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களின் டெபாசிட்டிலும் அதே கறைக்குக் காசு பிடித்தாரோ என்னவோ! இவர் வீட்டு வாசலிலும் தினமும் விளக்கு எரிகிறது. விளக்கேற்றியதற்கு அபராதம் போட இவருக்கு எப்படி மனசு வந்தது?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது, அதுதான் இன்னும் ஆத்திரம். தென்னாப்பிரிக்காவின் 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி, டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில்தான் போட்டு வைக்க வேண்டும். ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும். சேதம் இல்லையென்றால் ஏழு நாளில் வட்டியோடு திருப்ப வேண்டும். சேதம் இருந்தால் பழுதுச் செலவைக் கழித்துக்கொண்டு பதினாலு நாளில் மீதியைத் தர வேண்டும், செலவுக்கு ரசீதும் காட்ட வேண்டும். வீட்டுக்காரர் சேர்ந்து பார்க்க வராவிட்டால், வீடு நல்ல நிலையில் இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. இது எதுவும் அவருக்குத் தெரியாததல்ல. அவருக்கு இன்னும் இரண்டு வீடு வாடகையில் இருக்கிறது. இவள் வெளியூர்க்காரி, வேலை பர்மிட்டில் இருக்கிறவள், எங்கே கோர்ட்டுப் படி ஏறப்போகிறாள் என்று நினைத்துவிட்டார்.

அவரைவிட எனக்குக் கோபம் வந்தது சுற்றியிருந்தவர்கள் மேல்தான். கோயிலில் பார்க்கிற அக்கா, "விட்டுத் தள்ளும்மா, நாளைக்கு முகத்துல முழிக்கணும்ல" என்கிறார். என் கணவரே முதலில் "வேண்டாம்ப்பா, தலைவலி" என்றார். ஏன் விட வேண்டும்? 11,000 ரேண்டுக்கு நான் எத்தனை சனிக்கிழமை கூடுதல் வேலை பார்த்திருக்கிறேன்! முகத்தில் முழிக்கத் தயங்க வேண்டியது அவரா, நானா? இப்படி ஆளாளுக்கு விட்டுத் தள்ளித் தள்ளித்தான் அவர் அடுத்த குடித்தனக்காரனிடமும் துணிந்து கை வைக்கிறார்.

சின்னத் தொகை வழக்குகளுக்கென்று இருக்கிற ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போனேன். இங்கே 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்கவே கூடாது, அவர் தரப்புக்கும் கிடையாது. முதலில் பதினாலு நாள் கெடு வைத்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன், பதிலில்லை. அப்புறம் கிளார்க்கிடம் சம்மன் வாங்கி, ஷெரிஃப் என்கிற கோர்ட்டு அமீனா மூலமாகக் கொடுத்தேன், அதற்கு மட்டும் காசு. ஒவ்வொன்றுக்கும் பாதி நாள் லீவு. வரிசையில் நின்ற இடத்தில் எனக்கு முன்னால் ஒரு ஜூலு அம்மா, கையில் இதே மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபைல், இதே டெபாசிட் கதை. இரண்டு பேரும் போட்டோக்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம்.

விசாரணை சாயங்காலம் நடந்தது. சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிற வக்கீல் ஒருவர்தான் தீர்ப்புச் சொல்கிற கமிஷனராக உட்கார்ந்திருந்தார். அங்கிள் பெயிண்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். கமிஷனர் இரண்டே கேள்வி கேட்டார்: சேர்ந்து வீட்டைப் பார்த்தீர்களா? ரசீது எங்கே? இரண்டுக்கும் அவரிடம் வாய் திறக்க வழியில்லை. நான் சுவர் போட்டோவை மேஜையில் வைத்தபோது என் கை நடுங்கியது. கமிஷனர் அந்த வால் இழுத்த கறையை விரலால் தொட்டுப் பார்த்தார். முழுத் தொகையும் வட்டியோடு என்று தீர்ப்பு. இந்தக் கோர்ட்டுத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

பத்து நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டவில்லை. கோர்ட்டு சொன்ன பிறகும் "நம்ம ஆளு" என்று போனில் இழுக்கிறார். இவர் வாயில் அந்த வார்த்தைக்குக் கடனைத் திருப்பிக் கேட்காதே என்றுதான் பொருள் போலிருக்கிறது. 1860-இல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்து, சேர வேண்டிய கூலியைப் பிடித்துக்கொண்ட முதலாளிகளிடம் மாட்டித் தவித்த சனங்களின் வழியில் வந்தவர் இவர். அந்தக் கதையை ஆயாவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை மாஜிஸ்திரேட் கோர்ட்டு கவுன்டர் திறக்கும்போது நான் அங்கே நிற்பேன். ஜப்தி உத்தரவு வாங்கி ஷெரிஃபிடம் கொடுக்கப்போகிறேன். ஆயா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் ஷெரிஃப் வண்டி போய் நிற்குமே என்று நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆனால் அந்த வண்டியை வரவழைத்தது நானில்லை, அங்கிள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. என் பேங்க் கணக்கு நம்பர் உங்களிடம் இருக்கிறது.