பல் சீரமைப்புக்கு செல்ஃபி போதாது

"பல்லை செல்ஃபி எடுத்து அனுப்புங்கள், கிளிப் வீட்டுக்கே வரும், எக்ஸ்ரே எல்லாம் காசு பறிக்கத்தான்" என்று மும்பையின் தாராவி, செம்பூர் தமிழ் வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

வெளியே தூக்கலாகத் தெரியும் மேல்பல்லுக்கு, மேல்தாடை முன்தள்ளியதும் காரணமாகலாம், கீழ்த்தாடை பின்தங்கியதும் ஆகலாம். சில சமயம் பல் மட்டுமே சாய்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. பக்கவாட்டு முக எக்ஸ்ரேயில் மண்டையோட்டின் அடிப்பகுதியை வைத்து இரு தாடைகளின் கோணத்தையும் அளக்கிறார்கள். தாடைகள் சரியாக இருந்தால் இரு கோணங்களுக்கும் வித்தியாசம் வழக்கமாகச் சுமார் 2 டிகிரிதான். அதை செல்ஃபியில் எப்படிப் பார்ப்பது? வளரும் பிள்ளைகளுக்குத் தாடையைத் திருத்தக் கிடைக்கும் காலமும் வீணாகும், அதுதான் பெரிய கவலை.

சந்தேகமிருந்தால் நாயர் பல் மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். மருத்துவரின் பதிவை மகாராஷ்டிர பல் மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.