நாலும் புதுசு

மாப்பிள்ளை: மாமா, உங்கள் காரில் ரப்பர் போச்சு.

மாமா: வாயைக் கழுவு. போன மாதம்தான் நாலும் புதுசாகப் போட்டேன். பில் பையிலேயே இருக்கிறது.

மாப்பிள்ளை: நாலும் புதுசா? அப்புறம் எப்படிக் காற்று வருகிறது?

மாமா: வருகிறதா, போகிறதா?

மாப்பிள்ளை: உள்ளே வருகிறது.

மாமா: உள்ளே இருந்தால்தானடா வண்டி ஓடும்? நேற்றுதான் 32 வைத்தேன்.

மாப்பிள்ளை: அந்த 32ம் என் காதுக்குள் வருகிறது. கூடவே மழைத் தண்ணீர் முழங்காலில் சொட்டுகிறது.

மாமா: டயரிலிருந்து முழங்காலுக்கா?

மாப்பிள்ளை: டயர் இல்லை மாமா, கதவு ரப்பர். பீடிங்!

மாமா: அதுவா? அதற்கு என்ன குறை? தொட்டுப் பார். பளபளவென்று இருக்கிறதா இல்லையா?

மாப்பிள்ளை: (விரலைப் பார்த்து) என்ன இது?

மாமா: கிரீஸ். வாரா வாரம் என் கையாலேயே பூசுகிறேன். கிரீஸ் தீர்ந்துவிட்டால் துணியை டீசலில் நனைத்து ஒரு இழுப்பு.

மாப்பிள்ளை: ஐயோ! அது இ.பி.டி.எம். ரப்பர். வெயிலையும் ஓசோனையும் தாங்கும் என்றுதான் கதவுக்கு அதைப் போடுகிறார்கள். பெட்ரோலிய எண்ணெய் மட்டும் ஆகவே ஆகாது. குடித்துக் குடித்து ஊறி வீங்கிவிடும்.

மாமா: பளபளவென்று இருக்கிறதா இல்லையா?

மாப்பிள்ளை: இருக்கிறது. வீங்கின முகமும் பளபளவென்றுதான் இருக்கும்.

மாமா: சரி, உன் வைத்தியம் என்ன?

மாப்பிள்ளை: சோப்புத் தண்ணீர் தொட்டு ரப்பரைத் துடையுங்கள். அது போய் ஒட்டுகிற விளிம்பையும் துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சிலிக்கான் கிரீஸைத் துணியில் எடுத்து மெல்லிசாக ஒரு பூச்சு.

மாமா: பார்த்தாயா, கடைசியில் கிரீஸ்தானே!

மாப்பிள்ளை: கண் மையும் மைதான், பேனா மையும் மைதான். மாற்றிப் போட்டுப் பாருங்களேன்.

மாமா: அது பளபளக்குமா?

மாப்பிள்ளை: அவ்வளவாக இல்லை.

மாமா: அப்புறம் எதற்கு அது?

மாப்பிள்ளை: (பெருமூச்சு) வண்டிக்குள் ஏன் மூன்று வாசனைப் புட்டி தொங்குகிறது?

மாமா: ஏதோ ஈர வாடை அடிக்கிறது.

மாப்பிள்ளை: ஏதோவா? கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள், அடியில் குளம். காற்று இரைந்தால் பாட்டைக் கூட்டுகிறீர்கள். வாடை அடித்தால் புட்டி மாட்டுகிறீர்கள். ஒழுகுகிற இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் செலவு செய்தாகிவிட்டது.

(மாமா பதில் சொல்லவில்லை. கதவை ஓங்கிச் சாத்துகிறார். அது பாதியில் துள்ளித் திரும்பி வருகிறது.)

மாமா: முன்பெல்லாம் விரலால் தள்ளினாலே மூடும்.

மாப்பிள்ளை: வீங்கின இடத்தில் முட்டுகிறது. மேல் மூலையிலோ நசுங்கித் தட்டையாகிவிட்டது.

மாமா: தட்டையானதற்கு என்ன பூசலாம்?

மாப்பிள்ளை: எதைப் பூசினாலும் எழும்பாது, மாற்றத்தான் வேண்டும். புதுசை இழுத்துப் பிடித்துப் போடவிடாதீர்கள். நாளாக ஆகச் சுருங்கி மூலையில் இடைவெளி விடும். அப்படியே கதவின் அடியில் இருக்கிற ஓட்டைகளையும் ஒரு குத்துக் குத்திவிடச் சொல்லுங்கள்.

மாமா: அந்த ஓட்டைகளா? அது வழியாகத்தான் தண்ணீர் ஏறுகிறது என்று எப்போதோ அடைத்துவிட்டேனே.

மாப்பிள்ளை: தண்ணீர் இறங்குகிற வழி மாமா அது! கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் போகிற மழைத் தண்ணீர் அப்புறம் எங்கே போகும்?

மாமா: எங்கே போகும்?

மாப்பிள்ளை: கால்மிதிக்கு. எதை வைத்து அடைத்தீர்கள்?

மாமா: (தாழ்ந்த குரலில்) கிரீஸ்தான்.

மாப்பிள்ளை: கேட்டிருக்கவே கூடாது. ஒரு காகிதம் கொடுங்கள். கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்ப்போம். இறுக்கிப் பிடித்தால் ரப்பர் நல்லது.

(மாமா பையிலிருந்து கைக்குக் கிடைத்ததை நீட்டுகிறார். மூன்றாவது சாத்தலில் கதவு மூடுகிறது. காகிதம் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது.)

மாமா: அடப்பாவி, அது டயர் பில்! முழுக்கக் கிரீஸ்! இனி வாரண்டிக்கு எதைக் காட்டுவது?

மாப்பிள்ளை: இதையே காட்டுங்கள் மாமா. பளபளவென்று இருக்கிறதா இல்லையா?