எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்

"புதுச் சட்டப்படி, சம்பவம் நடந்த ஊர் ஸ்டேஷன் தவிர வேறெங்கும் புகார் வாங்க மாட்டார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு. சட்டம் சொல்வது நேர் எதிர்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவைப் பாருங்கள். வழிப்பறி போல, வாரன்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் எங்கே நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறோம். பேருந்தில் வரும் வழியில் நகை பறிபோனால், இறங்கிய ஊரிலேயே சொல்லலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும். போலீஸாரே எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திடணும். எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது, கேட்டு வாங்குங்கள்.

மறுத்தால்? மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

இந்தியா கோட் அரசு இணையதளத்தில் சட்டம் முழுதாக இருக்கிறது. ஸ்டேஷன் தூரமாக உள்ள கிராமத்துக்காரர்கள்தான் அந்த ஃபார்வர்டை நம்பிப் புகாரே கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.