பெயிண்டர் வேலை

மூன்று நாட்களாகப் பேசாமல் இருந்தேன். அந்தப் புலிக்கோட்டு விமானத்தின் படம் யார் பக்கத்துக்குப் போனது, அங்கே என்ன வாசகத்தோடு நின்றது, அதன் கீழ் எத்தனை சிரிப்புக் குறிகள் விழுந்தன என்பதை இங்கிருக்கும் நண்பர்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். வேலிக்கு வெளியே நான்கு மணி நேரம் நின்று நான் எடுத்த படம் அது. கேட்காமல் எடுத்துப் போட்டதைக்கூட மன்னித்துவிடலாம். மூலையில் இருந்த என் பெயரை வெட்டியதையும் கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்ளலாம். "போர் விமானத்துக்குப் புலிவேடம் எதற்கு? பெயிண்டருக்கு வேலை கொடுக்கவா?" என்று மேலே எழுதினாரே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதையே இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாலில் இருக்கும் அந்த வண்ணம் விமானத்துக்குப் பூசியதன்று, ஸ்குவாட்ரன் எனும் விமானப் படைப்பிரிவுக்குப் பூசியது. விமானம் பழசாகிக் கழிக்கப்படும். விமானிகள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போவார்கள். தளம்கூட மாறும். இத்தனையும் மாறிய பிறகு மிஞ்சுவது ஓர் எண்ணும் ஒரு சின்னமும்தான். முதல் உலகப் போரில் ஜார்ஜ் கினமேர் ஓட்டிய பிரெஞ்சு விமானத்தின் பக்கவாட்டில், அவருடைய ஸ்குவாட்ரனின் சின்னமான ஒரு நாரை பறந்துகொண்டிருந்தது. 1917 செப்டம்பரில் புறப்பட்டுப் போன அவர் திரும்பவில்லை. மரச்சட்டமும் துணியுமாக இருந்த அந்தக் காலத்து விமானங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன. நாரை மட்டும் போகவில்லை. பல தலைமுறைகள் கழித்து, ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் செல்லக்கூடிய மிராஜ் விமானத்தின் வாலில் அந்த நாரையைப் பார்க்க முடிந்தது.

புலியின் கதையும் இப்படித்தான். 1961ல், புலியைச் சின்னமாக வைத்திருந்த அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு ஸ்குவாட்ரன்கள் ஒன்றுகூடின. அதிலிருந்து வளர்ந்ததுதான் நேட்டோவின் புலிச் சந்திப்பு. சின்னம் ஒன்று என்பதைச் சாக்காக வைத்து வெவ்வேறு நாட்டு விமானிகள் ஒன்றாகப் பறந்து பழகுகிறார்கள். வெளியே நிற்பவர்களுக்குத் தெரிவது கோடு போட்ட விமானம். உள்ளே நடப்பது முழுமையான போர்ப்பயிற்சி. வேடம் என்று எழுதுவதற்கு முன் இதைத் தேடிப் படிக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனாலும் சொல்கிறேன். அப்படி எழுதியவரின் முகப்புப் படத்தில் ஒரு சிவப்பு ஃபெராரி நிற்கிறது; பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் கறுப்புக் குதிரை அதில் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் குதிரை, பிரான்செஸ்கோ பராக்கா என்ற இத்தாலியர் தம் போர் விமானத்தில் வரைந்து வைத்திருந்த குதிரை. அவர் 1918 ஜூனில் இறந்தார். 1923ல் அவருடைய தாயார், மகனின் குதிரையை உங்கள் கார்களில் வைத்துக்கொள்ளுங்கள், அதிர்ஷ்டம் வரும் என்று தம்மிடம் சொன்னதாக என்ஸோ ஃபெராரியே பின்னாளில் கூறியிருக்கிறார். ஆக, விமானத்தில் வரைந்தால் வேடம், அதையே காரில் ஒட்டினால் கௌரவம். நல்லது.

இனி, அறிவார்ந்த கேள்விகளுக்கு வருகிறேன். "வீண் செலவுதானே?" என்று நான்கு பேர் கேட்டிருந்தார்கள். செலவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால், விமானத்துக்குப் பெயிண்ட் அடிப்பதே முதலில் அழகுக்காக அன்று. உலோகம் அரித்துப்போகாமல் காப்பதற்காக. எப்படியும் சில ஆண்டுகளுக்கொரு முறை சுரண்டிவிட்டு மறுபூச்சு அடித்தாக வேண்டும். சிறப்பு வண்ணம் என்பது பெரும்பாலும் கழுவி எடுக்கக்கூடிய தற்காலிகப் பூச்சாகவோ, உரித்து எடுக்கக்கூடிய ஒட்டுப்படலமாகவோ இருக்கும். அதுவும் பொதுவாக ஒரு ஸ்குவாட்ரனில் ஒரே ஒரு விமானத்துக்கு. அமெரிக்கக் கடற்படையில்கூட விமானங்களெல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறிய பிறகு, விமானப் பிரிவுத் தளபதியின் பெயரில் ஸ்குவாட்ரனுக்கு ஒன்று என்றுதான் வண்ண விமானத்தை விட்டுவைத்தார்கள். மற்றவற்றில் சின்னம் இருக்கும். சாம்பல் மேல் இன்னும் கொஞ்சம் அடர்ந்த சாம்பலில், கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்படி.

அடுத்த கேள்வி, "எதிரிக்குப் பளிச்சென்று தெரியாதா?" இது நியாயமான கேள்வி. ரேடாருக்குத் தப்பும் விமானங்களின் மேற்பூச்சில் விருப்பப்படி கைவைக்க முடியாது என்பதும், போருக்குப் போகும்போது வண்ணத்தை அடக்கிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இருபது ஆண்டுகளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால், இப்படிக் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வானத்தில் இருப்பவன் எதிரியின் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் மட்டும் போதாது, நம்மவன் கண்ணுக்கு நம்மவனாகத் தெரியவும் வேண்டும். 1943 ஜூலை 11ஆம் நாள் இரவு, சிசிலிக்குப் பாராசூட் வீரர்களை ஏற்றிச் சென்ற 144 அமெரிக்கப் போக்குவரத்து விமானங்களில் 23 விமானங்கள் வீழ்ந்தன. சுட்டவர்கள் எதிரிகள் அல்லர். சொந்தத் தரப்புக் கப்பல்களிலும் கரையிலும் பீரங்கிகளின் பின்னால் நின்றவர்கள். இருட்டில் எந்த விமானம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் மறு ஆண்டு, நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வந்தன. ரகசியம் கசிந்துவிடக் கூடாதென்பதற்காகக் கடைசி நாட்களில்தான் உத்தரவு போனது. மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. ஒற்றை என்ஜின் விமானத்துக்குப் பட்டையின் அகலம் 18 அங்குலம், இரட்டை என்ஜினுக்கு 24 அங்குலம். ஆயிரக்கணக்கான விமானங்களின் இறக்கைகளிலும் உடலிலும் இதை அடித்து முடித்தவர்கள் தரைப்பணியாளர்கள். அந்தக் காலத்துப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: பல விமானங்களில் கோடு நேராக இருக்காது, தூரிகை இழுத்த தடம் தெரியும், ஓரத்தில் பெயிண்ட் வழிந்து காய்ந்திருக்கும். பெயிண்டர் வேலைதான் ஐயா. அந்த வேலையின் பலத்தில்தான், கீழே நின்றவன் மேலே பறந்தவனைச் சுடாமல் விட்டான்.

ஒரு சிறு வட்டம் உயிரை வாங்கக்கூடும் என்பதற்காக, 1942 மே மாதத்தில் அமெரிக்கர்கள் தங்கள் நட்சத்திரச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஜப்பானியச் சிவப்பு வட்டம் போலத் தெரிந்துவிடும் என்ற கவலை. கனடாவின் சிஎஃப் 18 விமானத்தின் அடிவயிற்றில் ஒரு போலி விமானி அறையை வரைந்திருக்கிறார்கள். விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எதிராளி ஒரு கணம் தடுமாறினால் போதும் என்பதற்காக. 1991 வளைகுடாப் போருக்குப் போன பிரிட்டிஷ் டொர்னேடோ போர் விமானங்களுக்குப் பாலைவனத்துக்காக இளஞ்சிவப்பே அடித்தார்கள், கழுவினால் போய்விடும் பெயிண்டில். அந்தப் படம் கிடைத்தால் நம் நண்பர் என்ன எழுதியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

ஆனால், பயனைச் சொல்லிச் சொல்லியே நான் என் பேச்சைவிட்டு விலகிப் போகிறேன். பயன் இல்லாவிட்டாலும் அந்த வண்ணம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. அமெரிக்காவின் 332ஆவது போர் விமானக் குழு நினைவிருக்கிறதா? கறுப்பின விமானிகள், அவர்களுக்கென்று தனியாகப் பிரித்து வைக்கப்பட்ட படைப்பிரிவு. அவர்கள் மற்றவர்களோடு ஒரே மேசையில் உட்காரக்கூடத் தடைகள் இருந்த காலம். படைகளில் இனப்பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948ல்தான் வந்தது. 1944ல் இத்தாலியிலிருந்து பறந்த அவர்களுடைய மஸ்டாங் விமானங்களின் வால் முழுச் சிவப்பு. அவர்கள் துணைக்குப் போன குண்டுவீச்சு விமானங்களில் இருந்தவர்களுக்கு அவர்களின் முகம் தெரியாது, தெரிந்திருந்தால் சிலர் விரும்பியிருக்கவும் மாட்டார்கள்; அந்த வால் தெரிந்தது. சிவப்பு வால்காரர்கள் என்பதே அவர்கள் பெயராகிவிட்டது. அவர்களிடம் போய், இந்த வேடம் எதற்கு என்று கேட்டிருக்க முடியுமா?

"கொல்லும் கருவிக்குச் சிங்காரம் செய்து போரைக் கொண்டாடுகிறீர்கள்" என்று ஒரு தோழி எழுதியிருந்தார். அவர் சிரிப்புக் குறி போடவில்லை, வருத்தத்தோடு எழுதியிருந்தார். இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. விமானத்தின் மூக்கில் வரையும் சுறாப்பல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களில் இருந்தது. அவர்களை எதிர்த்து வட ஆப்பிரிக்காவில் போரிட்ட பிரிட்டிஷ் 112ஆவது ஸ்குவாட்ரன் அதைத் தன் டோமஹாக் விமானங்களில் வரைந்தது. அதைப் படத்தில் பார்த்த அமெரிக்கத் தன்னார்வ விமானிகள் 1941ல் பர்மாவுக்கும் சீனாவுக்கும் கொண்டுபோனார்கள். எதிரியின் பல்லையே கடன் வாங்கிச் சிரித்த அந்தச் சிரிப்பில் ஏதோ சரியில்லை என்று எனக்கும் சில நேரம் தோன்றும். அந்தச் சங்கடத்தோடுதான் நான் படம் எடுக்கிறேன். ஆனால், அன்றைக்கு அந்தப் படத்தின் கீழ்ச் சிரித்தவர்கள் போரை வெறுத்துச் சிரித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பெயிண்டரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என் அப்பா விமானப் படையில் பெயிண்டராக இருந்தார். பக்கத்தை நெடுநாளாகப் பின்தொடர்பவர்களுக்குக்கூட இது தெரியாது, நான் சொன்னதில்லை. பள்ளியில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் விமானப் படை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன், கேட்டவர்கள் விமானி என்று நினைத்துக்கொண்டால் நினைக்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்த வெட்கம் என்னுடையது; அதற்காக இன்று வேறு யார்மேலும் பழி போட மாட்டேன்.

அவருடைய ஸ்குவாட்ரனின் சின்னம் சிறகு விரித்த பருந்து. மருத்துவமனையில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பிலிமை வாங்கி வந்து, அதில் பருந்தின் வடிவத்தைப் பிளேடால் வெட்டி எடுப்பார். காகிதம் ஊறிவிடும், பிலிம் ஊறாது என்பார். அதை வாலில் வைத்து ஓரங்களை டேப்பால் அழுத்தி ஒட்டி, பஞ்சில் பெயிண்டைத் தொட்டு ஒத்தி ஒத்தி எடுப்பார். இழுத்துப் பூசினால் ஸ்டென்சிலின் அடியில் கசிந்து இறகின் நுனி மழுங்கிவிடும். சின்னம் சுக்கான் மேல் வந்துவிட்டால் வேலை இரட்டிப்பு. ஏனென்று ஒருமுறை கேட்டேன். "ஒரு கோட்டிங் கூடுதலா ஏத்தினா எடையும் கூடும்டா. கண்ணுக்குத் தெரியாது, சுக்கானுக்குத் தெரியும்" என்றார். வால் விளிம்பில் அசையும் அந்தப் பலகையின் எடை இடம் மாறினால், வேகத்தில் அது படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கி விமானத்தையே பிய்த்துப்போட வாய்ப்பிருக்கிறது. அதனால் பெயிண்ட் அடித்த பிறகு சமநிலையைச் சரிபார்த்தாக வேண்டும். பெயிண்டருக்கு வேலை கொடுக்கவா என்று கேட்டவருக்கு இது பதில். ஆமாம், இந்த வேலையைக் கொடுக்கத்தான்.

பிறகு அந்த ஸ்குவாட்ரனைக் கலைத்தார்கள். எஞ்சிய விமானங்கள் வேறு ஸ்குவாட்ரன்களுக்குப் பிரிந்து போயின. போவதற்கு முன் பருந்துகளை அழித்துத் தர வேண்டும் என்று உத்தரவு. அழித்தவரும் அப்பாதான், வேறு யார் இருக்கிறார்கள்? உப்புத்தாள் தேய்த்து, அதன்மேல் சாம்பல் நிறம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்ததாக அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஸ்குவாட்ரனில் பறந்தவர்களின் பெயர்கள் எங்கோ ஒரு பலகையில் இருக்கின்றன. பருந்தை வரைந்தவர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இருக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்கிறேனோ என்னவோ, தெரியவில்லை. புலியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எங்கே வந்து நிற்கிறேன் பாருங்கள்.

"ஒரு கேலிக்கு இவ்வளவு நீளமா, எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று நிச்சயம் யாரேனும் கேட்பீர்கள். எடுத்துக்கொள்ளத் தெரியும். இதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்பா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த எக்ஸ்ரே பிலிம் கிடைத்தது. ஜன்னலுக்கு நேரே பிடித்தால் யாருடையதோ விலா எலும்புகள் வரிசையாகத் தெரிகின்றன. நடுவே பருந்தின் வடிவத்தில் வெளிச்சம் வருகிறது. வெட்டின ஓரத்தில் பெயிண்ட் படிந்து படிந்து நகக்கண் அளவுக்குத் தடித்திருக்கிறது. கீழே அதன் படத்தை இணைத்திருக்கிறேன். நண்பர் விரும்பினால் இதையும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். இந்த முறை கேட்டுவிட்டு எடுக்கட்டும், மூலையில் இருக்கும் பெயரையும் வெட்டாமல் விடட்டும். அது என் பெயர் அல்ல.