நுரையைப் பார்த்து பவுடர் போடாதீர்கள்

துணி துவைப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், நுரை கூடினால் அழுக்கும் கூடுதலாகப் போகும் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. பால் பண்ணைகளில் குழாய்களைக் கழற்றாமலே சூடான காஸ்டிக் சோடா கரைசலை ஓடவிட்டுக் கழுவுகிறார்கள். அங்கே நுரை வந்தால்தான் தொல்லை, பம்பு சரியாக இழுக்காது. முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்குக் குறைந்த நுரை பவுடர் தனியாக விற்பதும் இதனால்தான்.

போர்வெல் உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் சோப்புக்கட்டி நுரைக்காமல் வெள்ளை வெள்ளையாகத் திரியும், பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகும் பிசுக்கு அது. காலர் மடிப்பில் சாம்பல் நிறமாக ஒட்டிக்கொள்ளும். டிடர்ஜென்ட் பவுடரில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. வாஷிங் சோடா, ஜியோலைட் என்ற கனிமப் பொடி எல்லாம் அதில் சேர்ப்பதே அந்தக் கால்சியத்தை மடக்கத்தான்.

சில பவுடர்களில் கறையைச் சிதைக்கச் சேர்க்கும் என்சைம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. ரத்தக்கறை, பால்கறையில் உள்ள புரதத்தை உடைத்து எடுக்கும் புரோட்டியேஸ் என்ற என்சைம், பட்டுத்துணியையும் கம்பளியையும்கூட அரிக்கும், அவையும் புரதம்தானே. கல்யாணப் பட்டுப்புடவையை தயவுசெய்து அந்த என்சைம் பவுடரில் ஊறவைக்காதீர்கள். ரத்தக்கறைத் துணியை வெந்நீரில் போடவும் வேண்டாம், கறை இறுகிவிடும். முதலில் பச்சைத்தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் பவுடர் போடுங்கள்.