மாங்டனின் பிரெஞ்சு கியூபெக்கிலிருந்து வந்ததல்ல

"கனடாவின் மாங்டன் நகரில் பிரெஞ்சு பேசுவோர் கியூபெக்கிலிருந்து குடிவந்தவர்கள், இருமொழி நகரம் என்பதால் அங்கே எல்லோருக்கும் இரண்டு மொழிகளும் தெரியும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டு கூற்றுகளுமே தவறானவை.

மாங்டன் இருப்பது பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மையாக உள்ள கியூபெக் மாகாணத்தில் அல்ல, நியூ பிரன்சுவிக் மாகாணத்தில். அங்கே பிரெஞ்சு பேசுவோரில் பெரும்பாலோர், 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்தக் கடலோரப் பகுதியில் வேரூன்றி, 1755 முதல் பிரித்தானியரால் ஆயிரக்கணக்கில் நாடு கடத்தப்பட்டு, பின்னர் மெல்ல மெல்லத் திரும்பிவந்த அக்கேடியர்கள் எனப்படும் பிரெஞ்சு மக்களின் வழித்தோன்றல்கள். அந்த வெளியேற்றத்தில் பங்கேற்ற படைத்தளபதி ராபர்ட் மாங்க்டனின் பெயரையே அந்நகரம் தாங்கி நிற்பதை அறிந்தால், அவர்களை வந்தேறிகள் என்பது எவ்வளவு பெரிய அநீதி என்பது விளங்கும்.

அவர்களுடைய பேச்சுவழக்கான 'சியாக்'கும் தனித்தன்மை கொண்டது. வண்டியை நிறுத்திவிட்டேன் என்பதை 'ஜே பார்க்கே மோன் கார்' என்பார்கள். 'பார்க்' என்ற ஆங்கில வினை பிரெஞ்சு விகுதியை ஏற்றுக்கொள்கிறது.

2002இல் மாங்டன் தன்னை இருமொழி நகரமாக அறிவித்தபோது, இரு மொழிகளிலும் சேவை தரும் கடமையை ஏற்றது மாநகராட்சிதான். குடிமக்கள் மீது அது சுமத்தப்படவில்லை. நகரவாசிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கே பிரெஞ்சு தாய்மொழி. இரண்டையும் சரளமாகப் பேசுவோரில் பெரும்பாலோர் அவர்களே. ஆங்கிலம் மட்டுமே அறிந்தோர் அங்கே ஏராளம். அடுத்துள்ள டியெப்பில் பிரெஞ்சும், ஆற்றுக்கு அப்பாலுள்ள ரிவர்வியூவில் ஆங்கிலமும் மேலோங்கியிருக்கின்றன.